ஆபரேஷன் முடிந்தது, அப்புறம்?

வாசகர் கேள்விகளுக்கு, அறுவை சிகிச்சை வார்டில் நெடுங்காலம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார்.

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ கேன்சர் ஆபரேஷன் என்று எழுதியவர்களுடையது. எல்லாவற்றையும் போட இடமில்லை, ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன், பெயர்களை எடுத்துவிட்டேன். எந்த மருந்தை எவ்வளவு கொடுக்கலாம் என்று கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்கு 66 வயது. பெருங்குடலில் கட்டி, பயாப்சியில் கேன்சர் என்று வந்துவிட்டது, அடுத்த வாரம் ஆபரேஷன். அம்மாவிடம் "சின்னக் கட்டி, எடுத்துட்டா சரியாயிடும்" என்று மட்டும் சொல்லியிருக்கிறோம். "உண்மை தெரிந்தால் அம்மா உடைந்துவிடுவார், யாரும் வாயைத் திறக்கக்கூடாது" என்கிறார் அண்ணன். எனக்கு அம்மா முகத்தைப் பார்த்துப் பேசவே முடியவில்லை, சிஸ்டர்.

உங்கள் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். முழுசாக இல்லாவிட்டாலும் முக்கால்வாசி தெரிந்திருக்கும். குழாய் விட்டுப் பார்த்தார்கள், சதையைக் கிள்ளி டெஸ்டுக்கு அனுப்பினார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், அதற்கப்புறம் வீட்டில் எல்லோரும் திடீரென்று குரலைத் தணித்துப் பேச ஆரம்பித்தீர்கள், போனில் யாராவது கூப்பிட்டால் பால்கனிக்குப் போனீர்கள். இதையெல்லாம் கவனிக்காமல் இருக்க அவர் என்ன குழந்தையா? வார்டில் இப்படி எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் கேன்டீனுக்குப் போன நேரம் பார்த்து, "சிஸ்டர், இது அந்த வியாதிதானே? எனக்குத் தெரியும்னு பசங்ககிட்ட சொல்லிடாதீங்க, பயந்துடுவாங்க" என்பார்கள். அவர்கள் அறைக்குள்ளே அழுவார்கள், பிள்ளைகள் வராந்தாவில் நின்று அழுவார்கள்.

மனசு ஒருபக்கம் இருக்கட்டும், நடைமுறையிலும் இது நிற்காது. ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்துப் போடப்போவது அம்மா. கண்விழிக்கும்போது மலம் சேர்வதற்காக வயிற்றில் ஒரு பை ஒட்டியிருக்கலாம், அதற்கப்புறம் கீமோ தேவைப்படலாம், அப்போது கேன்சர் டாக்டரின் அறை வாசலில் பெரிய எழுத்தில் போர்டு தொங்கும். அந்த நேரத்தில் தெரியவந்தால் நோயை விட நீங்கள் மறைத்ததுதான் அவருக்குப் பெரிதாக வலிக்கும்.

அதற்காக நாளைக் காலையில் உட்கார வைத்து எல்லாவற்றையும் கொட்டிவிடாதீர்கள். முதலில் கேளுங்கள்: "டாக்டர் சொன்னதுல உனக்கு என்ன புரிஞ்சுதும்மா?" அவர் எதுவரை போகிறாரோ அதுவரை மட்டும் நீங்களும் போனால் போதும். "எனக்கு ஒண்ணும் சொல்லாதே, நீங்களே பாத்துக்குங்க" என்று அவர் சொன்னால், சரி, அதுவும் அவருடைய முடிவு, அதை மதியுங்கள். அண்ணனோடு சண்டை வேண்டாம். சர்ஜனிடம் முன்கூட்டியே நிலைமையைச் சொல்லி, அவரையே அம்மாவிடம் பேசச் சொல்லுங்கள். அண்ணனும் பக்கத்தில் இருக்கட்டும். டாக்டர் நிதானமாகச் சொல்லும்போது அம்மா உடையாமல் கேட்டுக்கொள்வதைப் பார்த்தால் அவருக்கே பாதி பயம் போய்விடும்.

இன்னொன்று. அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், முக்கியமாக இரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, நீங்களாக வாங்கிக் கொடுத்த சூரணம், லேகியம் உட்பட, ஒரு தாளில் எழுதி மயக்க டாக்டரிடம் கொடுங்கள். எதை எப்போது நிறுத்துவது என்று அவர் சொல்லட்டும்.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. வயிற்றில் பெரிய ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள் ராத்திரி, சுவரில் பூச்சி ஊர்கிறது என்றார், கையில் இருந்த ட்ரிப்ஸ் ஊசியைப் பிடுங்கப் பார்த்தார், என்னை யாரென்றே தெரியவில்லை. காலையில் நன்றாகப் பேசினார். ராத்திரி மறுபடி அதே கதை. கேன்சர் மூளைக்குப் போய்விட்டதா?

இந்தப் பதில் அச்சாகி உங்கள் கைக்கு வரும்போது அப்பா தெளிந்திருப்பார் என்று நம்புகிறேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காகவும் சேர்த்தே எழுதுகிறேன். பகலில் தெளிவு, ராத்திரியில் குழப்பம், அதுவும் திடீரென்று ஆரம்பித்தது என்றால் பெரும்பாலும் அது டெலிரியம், அதாவது உடம்பில் ஏற்படும் கோளாறால் வரும் தற்காலிக மனக்குழப்பம். வயதானவர்களுக்குப் பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு இது சாதாரணமாக வருவது. ஆனால் யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை, அதனால்தான் வீட்டுக்காரர்கள் நடுங்கிப்போகிறார்கள். அடங்காத வலி, வலிக்குக் கொடுத்த மருந்தே, தூக்கமில்லாமை, உடம்பில் நீர் குறைவது, தொற்று, ஆக்சிஜன் குறைவது, மூத்திரம் அடைத்துக்கொள்வது, ஏன், மலச்சிக்கல் கூடக் காரணமாக இருக்கும். பின்னால் இருக்கும் காரணத்தைத் தேடிச் சரிசெய்ய வேண்டும் என்பதால் "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடாமல் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். அப்பாவுக்குத் தினமும் குடிக்கும் பழக்கம் இருந்தால் வெட்கப்படாமல் அதையும் சொல்லிவிடுங்கள். அது சட்டென்று நின்றாலும் இப்படி வரும், அதற்கு வைத்தியம் வேறு.

உங்களால் செய்ய முடிந்தது நிறைய இருக்கிறது, எல்லாமே சின்னச் சின்ன வேலை. கண்ணாடியை மாட்டிவிடுங்கள், காது மெஷின் இருந்தால் பேட்டரி பார்த்து வையுங்கள். இரண்டும் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கும், இங்கே மனிதர் பாதி கண்ணும் பாதி காதுமாகக் கிடப்பார். கண்ணில் படுகிற இடத்தில் கடிகாரம் இருக்கட்டும். பகலில் ஜன்னல் திரையைத் திறந்து உட்கார வையுங்கள், ராத்திரியில் விளக்கைக் குறையுங்கள். பழகின முகம் ஒன்று பக்கத்தில் இருந்தால் போதும், நாலு பேர் சூழ்ந்து நிற்க வேண்டாம். பூச்சி இருக்கிறது என்று அவர் சொன்னால் இல்லை என்று வாதாடாதீர்கள், ஆமாம் என்றும் சொல்லாதீர்கள். "நான் இங்கதான் இருக்கேன்பா, இது ஆஸ்பத்திரி, ஆபரேஷன் முடிஞ்சிடுச்சு, நல்லா இருக்கீங்க" என்று மெதுவாக, சலிக்காமல், திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

ஆர்ப்பாட்டம் செய்பவரை எல்லோரும் கவனிப்பார்கள். சத்தமே இல்லாமல் மந்தமாகி, கூப்பிட்டால் அரைக்கண் திறந்து மறுபடி மூடிக்கொள்பவருக்கும் இதேதான் நடந்துகொண்டிருக்கலாம், ஆனால் "நல்லா ரெஸ்ட் எடுக்கிறார்" என்று விட்டுவிடுவார்கள். வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருக்கிறாரே என்று உங்களுக்குத் தோன்றினால் அதைச் சொல்லுங்கள். அவருடைய வழக்கம் என்ன என்று வார்டில் யாருக்கும் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். பெரும்பாலும் சில நாட்களில் தெளிந்துவிடும், சிலருக்கு வாரக்கணக்கில் இழுக்கும்.

கேள்வி: ஆபரேஷன் முடிந்த மறுநாளே அம்மாவை நடக்கச் சொல்கிறார்கள். தையல் பிரிந்துவிடாதா? வலி மாத்திரையும் பழக்கமாகிவிடும் என்று ஒதுக்குகிறார்.

பிரியாது, நடக்கட்டும். ஒரு காலத்தில் நாங்களே நோயாளியை நாள்கணக்கில் படுக்கவைத்து, பட்டினி போட்டுத்தான் வைத்திருந்தோம். 1990களில் டென்மார்க் சர்ஜன் ஹென்ரிக் கேலெட் குடல் ஆபரேஷன் முடிந்தவர்களைச் சீக்கிரமே எழுப்பி, சீக்கிரமே சாப்பிடவைத்து, அவர்கள் வேகமாகத் தேறுவதைக் காட்டிய பிறகுதான் எல்லாம் மாறியது. படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் உறையும், அந்த இரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. கேன்சர் இருப்பவர்களுக்கு அந்த ஆபத்து மற்றவர்களை விடக் கூடுதல். வயிற்றில் பெரிய கேன்சர் ஆபரேஷன் என்றால், இதைத் தடுக்கும் ஊசியை வீட்டுக்கு வந்த பிறகும் சேர்த்து மொத்தம் 28 நாள் வரை போடச் சொல்வது இதனால்தான். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ திடீரென்று மூச்சு வாங்கினாலோ காலை வரை காத்திருக்காதீர்கள்.

மூன்று பந்துகள் வைத்த ஒரு பிளாஸ்டிக் கருவி கொடுத்திருப்பார்களே, அதில் ஊதக்கூடாது, உறிஞ்ச வேண்டும். பந்து எழும்பினால் ஓரிரு நொடி அப்படியே மூச்சைப் பிடித்து, அப்புறம் விட வேண்டும். பாதிப் பேர் ஊதிக்கொண்டிருப்பார்கள், கேட்டால் "செய்தேனே" என்பார்கள். வலி மாத்திரை வேளாவேளைக்குப் போட்டால்தான் ஆழமாக மூச்சு விடவும் இருமவும் நடக்கவும் முடியும். டாக்டர் சொன்னபடி சில நாட்களோ வாரங்களோ சாப்பிடுவதால் அடிமையாகிவிடுவார் என்ற பயம் வேண்டாம். இருமும்போது ஒரு தலையணையை வயிற்றில் அணைத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பாவுக்குக் குடல் ஆபரேஷனில் வயிற்றில் பை வைத்துவிட்டார்கள். மூன்று நான்கு மாதம் கழித்து எடுத்துவிடலாம் என்கிறார்கள். அப்பா அதைப் பார்க்க மறுக்கிறார், என்னையும் பார்க்க விடுவதில்லை. நான் அவருக்கு ஒரே மகள். உண்மையைச் சொன்னால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது, அதை நினைத்தால் குற்ற உணர்வாகவும் இருக்கிறது.

அருவருப்பு இருக்கத்தான் செய்யும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களுக்கும் இருந்தது, அதற்கும் பாசத்துக்கும் சம்பந்தமில்லை. கையும் கண்ணும் பழகினால் போய்விடும்.

அப்பாவின் கூச்சத்தை முதலில் பார்ப்போம். மகள் முன்னால் வயிற்றைத் திறந்து காட்டுவது அவருக்குப் பெரிய விஷயம். அதனால் நீங்கள் பார்த்துக்கொள்வது என்று ஆரம்பிக்காமல், அவரே பார்த்துக்கொள்ள நர்ஸ் கற்றுக்கொடுப்பது என்று ஆரம்பியுங்கள். டிஸ்சார்ஜுக்கு முன் குறைந்தது ஒருமுறையாவது அவர் கையாலேயே பையைக் காலி செய்து, ஒருமுறையாவது பையைத் தோலோடு ஒட்டவைக்கும் தகட்டை மாற்றிப் பார்த்திருக்க வேண்டும். நீங்கள் பக்கத்தில் நின்று தெரிந்துகொண்டால் போதும், அவசரத்துக்கு உதவும்.

வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து வைத்த குடல் வாய், அதாவது ஸ்டோமா, இளஞ்சிவப்பாக ஈரமாகப் பளபளவென்று இருக்கும். தொட்டால் அவருக்கு வலிக்காது, அங்கே வலி உணர்கிற நரம்பு கிடையாது. துடைக்கும்போது துளி இரத்தம் வந்தால் பயமில்லை. கருநீலமாகவோ கறுப்பாகவோ மாறினால் உடனே ஆஸ்பத்திரி. பை மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி நிறைவதற்குள் காலி செய்துவிட வேண்டும், நிறைய விட்டால் எடையில் தகடு பெயர்ந்து வரும், அப்புறம் தோலெல்லாம் புண். தகட்டில் வெட்டும் ஓட்டை ஸ்டோமாவை விட இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக இருந்தால் போதும். முதல் ஆறு முதல் எட்டு வாரத்தில் ஸ்டோமா சுருங்கிக்கொண்டே வரும், ஆஸ்பத்திரியில் கொடுத்த அளவையே வைத்து வெட்டிக்கொண்டிருந்தால் கசிவு ஆரம்பிக்கும். வாரம் ஒருமுறை அளந்து பாருங்கள். சிறுகுடலில் வைத்த பை என்றால் தண்ணியாக நிறையப் போகும், நீரும் உப்பும் சேர்ந்து குறையும், நாக்கு வறண்டு தலை சுற்றினால் அதுதான் காரணம்.

மூன்று நான்கு மாதம் என்று சொல்லியிருந்தாலும் அதைத் தேதியாகக் குறித்துவைத்துக்கொள்ளாதீர்கள். நடுவில் கீமோ வந்தால் அது முடிந்துதான் மூடுவார்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. பெருங்குடல் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, "கட்டியை முழுசாக எடுத்துவிட்டோம்" என்றார் சர்ஜன். வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருந்தோம். இரண்டு வாரம் கழித்து ரிப்போர்ட்டில் 16 நெறிக்கட்டிகளில் இரண்டில் கேன்சர் இருக்கிறது, கீமோ எடுக்க வேண்டும் என்கிறார்கள். முழுசாக எடுத்துவிட்டால் கீமோ எதற்கு? திரும்ப வராது என்று யாரும் உறுதி சொல்ல மாட்டேன் என்கிறார்கள். அப்பா கீமோவே வேண்டாம் என்கிறார். என்ன செய்வது என்று தெரியவில்லை.

இரண்டு டாக்டர் சொன்னதும் உண்மைதான். சர்ஜன் கண்ணுக்குத் தெரிந்ததை முழுசாக எடுத்தார். பக்கத்து நெறிக்கட்டி வரைக்கும் செல்கள் போயிருக்கின்றன என்றால், ஸ்கேனில் தெரியாத அளவுக்கு நாலைந்து செல்கள் அதையும் தாண்டிப் போயிருக்கலாம். போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். அதற்குத்தான் கீமோ. 16 நெறிக்கட்டிகளைப் பார்த்திருக்கிறார்கள் என்பது நல்லதுதான், பெருங்குடலில் குறைந்தது 12 பார்க்க வேண்டும் என்பது கணக்கு, அதற்குக் கீழே என்றால் ரிப்போர்ட்டை அவ்வளவாக நம்ப முடியாது. நெறிக்கட்டியில் இருந்தால் மூன்றாம் கட்டம் என்பார்கள், அதைக் கேட்டதும் எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம், குணமாக்கும் நோக்கத்தோடுதான் இந்தக் கட்டத்திலும் சிகிச்சை கொடுக்கிறார்கள்.

ஏன் யாரும் உறுதி சொல்வதில்லை? அப்பா மாதிரியே ரிப்போர்ட் வந்த நூறு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பகுதியினர் ஆபரேஷனிலேயே குணமாகிவிட்டவர்கள், கீமோ எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அவர்களுக்கு வராது. இன்னொரு பகுதியினருக்கு கீமோ எடுத்தும் திரும்ப வரும். நடுவில் இருக்கும் ஒரு பகுதியினருக்குத்தான் கீமோவால் மட்டும் வராமல் போகிறது. உங்கள் அப்பா இந்த மூன்றில் எதில் இருக்கிறார் என்று கண்டுபிடித்துச் சொல்லத் திட்டவட்டமான வழி இன்று இல்லை. டாக்டர் மழுப்புகிறார் என்று நினைக்காதீர்கள், உறுதியாகச் சொல்பவரைப் பார்த்துத்தான் நான் பயப்படுவேன். டாக்டரிடம் கேட்க வேண்டியது, "அப்பா மாதிரி நூறு பேரில் கீமோவால் கூடுதலாக எத்தனை பேர் தப்பிக்கிறார்கள், எத்தனை பேருக்குக் கடுமையான பக்க விளைவு வருகிறது?" அப்பாவுக்கு மூன்று மாதம் போதுமா, ஆறு மாதம் தேவையா என்பதையும் கேளுங்கள், ரிப்போர்ட்டைப் பொறுத்து இரண்டும் உண்டு.

எண்களைப் படிப்பதில் ஒரு விஷயம். அமெரிக்கத் தொல்லுயிரியல் அறிஞர் ஸ்டீஃபன் ஜே கூல்டுக்கு 1982ல் வயிற்று உறையில் வருகிற அரிதான ஒரு கேன்சர். அந்த நோய்க்கு அன்றைக்குச் சொல்லப்பட்ட இடைநிலைக் கணக்கு 8 மாதம். தினமும் எண்களோடு புழங்கியவர் என்பதால், பாதிப் பேர் எட்டு மாதத்துக்குள் போய்விடுகிறார்கள், மீதிப் பாதி அதற்கு மேல் இருக்கிறார்கள், எவ்வளவு மேல் என்று இந்த எண் சொல்லவில்லையே என்று யோசித்தார். 20 ஆண்டு இருந்தார், 2002ல் வேறொரு கேன்சரில் இறந்தார். எல்லோருக்கும் அப்படி அமையும் என்று ஆசை காட்ட இதைச் சொல்லவில்லை. ராத்திரி ஒரு மணிக்கு இணையத்தில் கிடைத்த ஒரு சதவீதத்தை அப்பாவின் நெற்றியில் ஒட்டாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி அப்பா வேண்டாம் என்பது. ஏன் என்று கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. "வேண்டாம்" என்பதற்குப் பின்னால் ஏதாவது ஒரு குறிப்பான காரணம் இருக்கும். முப்பது வருடத்துக்கு முன் தன் நண்பர் கீமோவில் வாந்தியெடுத்தே மெலிந்ததைப் பார்த்திருப்பார். வாந்திக்கு இன்று நல்ல மருந்துகள் வந்துவிட்டன. பணம் கரையுமே என்றிருக்கும், உங்களுக்குப் பாரமாகிவிடுவோம் என்றிருக்கும். அல்லது எல்லாம் புரிந்தே, இருக்கிற நாளைத் தெம்பாக இருந்துவிட்டுப் போகிறேன் என்றும் இருக்கலாம். முதல் மூன்றுக்கும் பேசிப் பார்க்க வழி இருக்கிறது. கடைசியில் சொன்னது என்றால், ஒருமுறைக்கு இருமுறை பேசிவிட்டு, அவர் பேச்சுக்குக் கட்டுப்பட வேண்டியதுதான். உடம்பு அவருடையது. பிள்ளைகள் ஓட்டுப் போட்டு முடிவெடுக்கிற விஷயம் இல்லை இது.

யோசிக்க நேரம் இருக்கிறது, ஆனால் நிறைய இல்லை, ஆபரேஷன் முடிந்து எட்டு வாரத்துக்குள் ஆரம்பிப்பது நல்லது. தொடங்கினால் முடித்தே ஆக வேண்டும் என்றும் கிடையாது, ஒரு சுற்று எடுத்துப் பார்த்து, தாங்கவில்லை என்றால் அளவைக் குறைக்கலாம், நிறுத்தலாம். இதை அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள், சிலருக்கு இது தெரிந்தாலே மனசு மாறும். எடுப்பதாக முடிவானால் வீட்டில் தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். கீமோ நாட்களில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால் மாத்திரை போட்டுப் படுக்க வைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

கேள்வி: அம்மா தேறி வருகிறார், ஆனால் எதற்கெடுத்தாலும் எரிச்சல். தட்டைத் தள்ளிவிடுகிறார். நேற்று நானும் கத்திவிட்டேன். தங்கை தினமும் போனில் "அதைக் கொடு, இதைக் கொடு" என்கிறாள், ஒருநாள் வந்து இருந்ததில்லை.

கத்திவிட்டீர்கள், சரி, மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். பசியின்மையும் அசதியும் ஆபரேஷனுக்குப் பிறகு மாதக்கணக்கில் இருக்கும், தூங்கி எழுந்தால் போகிற அசதி இல்லை அது. பெரிய தட்டில் நிறைய வைக்காமல் சின்னக் கிண்ணத்தில் ஐந்தாறு வேளையாகக் கொடுங்கள், புரதம் இருக்கட்டும், எதிரில் உட்கார்ந்து வாயையே பார்க்காதீர்கள். குளிப்பது, உடுத்துவது, என்ன சாப்பிடலாம், யார் பார்க்க வரலாம், இதையெல்லாம் அவரே முடிவு செய்யட்டும். ஒரு மனுஷியிடமிருந்து எல்லா முடிவையும் பிடுங்கிக்கொண்டால் தட்டைத்தான் தள்ளுவார்.

தங்கைக்கு வேலை கொடுங்கள். தூரத்தில் இருந்தே இன்ஷூரன்ஸ் பேப்பர், மருந்து ஆர்டர், அடுத்த அப்பாயின்ட்மென்ட், விசாரிக்கும் சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்வது என்று எத்தனையோ செய்யலாம். கடைசியில் சொன்னதை அவளிடம் முதலில் கொடுங்கள், உங்கள் போன் பாதி நேரம் ஓய்ந்துவிடும். மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு அவள் வந்து தங்கட்டும் என்று தேதி போட்டுக் கேளுங்கள். "முடிஞ்சா வா" என்றால் வரமாட்டாள்.

கேள்வி: அம்மாவுக்குக் குடல் ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்துவிட்டது. நன்றாக இருக்கிறார். ஆனால் செக்கப் தேதி நெருங்கினால் எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. இது எத்தனை நாளைக்கு?

குடல் கேன்சருக்குப் பொதுவாக முதல் இரண்டு வருடம் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டரையும், இந்தக் கேன்சரில் ஏறக்கூடிய ஒரு புரதத்தை அளக்கும் சிஇஏ என்ற இரத்தப் பரிசோதனையையும் பார்ப்பார்கள், அப்புறம் ஐந்து வருடம் வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை. இடையிடையே ஸ்கேன், ஒரு வருடம் ஆனதும் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பது. திரும்ப வருவதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருடத்துக்குள் வருகிறது என்பதால்தான் ஆரம்பத்தில் இவ்வளவு நெருக்கமாகப் பார்க்கிறார்கள். தூக்கம் போவது அதற்குள் முழுசாகச் சரியாகாது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்.

டெஸ்டுக்கும் டாக்டரைப் பார்ப்பதற்கும் நடுவில் இருக்கும் நாட்கள்தான் கொடுமை. இரண்டையும் இரண்டு மூன்று நாளுக்குள் வைத்துத் தரச்சொல்லிக் கேளுங்கள், கேட்டால் செய்து கொடுப்பார்கள். லேப் அனுப்பும் மெசேஜை ராத்திரியில் தனியாகத் திறந்து பார்க்காதீர்கள். சிஇஏ சிகரெட் பிடிப்பவர்களுக்கே கொஞ்சம் கூடுதலாக இருக்கும், வேறு காரணங்களுக்கும் லேசாக ஏறும், ஒரு தடவை ஏறிய எண்ணை வைத்து எந்த டாக்டரும் முடிவுக்கு வரமாட்டார், மறுபடி எடுத்துப் பார்த்து ஏறிக்கொண்டே போகிறதா என்றுதான் பார்ப்பார். அம்மாவுக்கும் அந்த மெசேஜ் போகிறதா என்று பாருங்கள். போகிறதென்றால் அவரும் உங்களை மாதிரியே முழித்துக்கொண்டு கிடக்கிறாரோ என்னவோ, கேட்டுப் பாருங்கள்.